இரண்டு உறைகள்

ஒரே சுருளில் வெட்டிய நீலத் துணி எங்கள் ஐவருக்கும்.
அம்மாவுக்கு கவுன், அப்பாவுக்கு டை,
டோய்லுக்கும் எனக்கும் சட்டை,
மிஞ்சிய துண்டில் சின்னவள் ரீபாவுக்கு ஒரு தலைப்பட்டி.
சுவரொட்டியில் இன்னும்
‘ஹக்கபி குடும்பம்’ என்றே இருக்கிறது.
அந்த இரண்டாவது சொல்லை எடுத்துவிட்டு அச்சடிக்க
இருபது டாலர் கேட்டார்கள்.
எங்களிடம் இல்லை.

வீடு அம்மாவுக்கு என்றார் நீதிபதி.
வேன் அப்பாவுக்கு.
பாட்டு யாருக்கு என்று
அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சனிக்கிழமைதோறும்
கென்டக்கி மலைச்சாலையில் வேன் முன்னே போகும்,
அம்மாவின் கார் ஒரு வளைவு தள்ளிப் பின்னே வரும்.
ரீபா போகும்போது அதில், திரும்பும்போது இதில்.
காணிக்கையை எண்ணி
இரண்டு உறைகளில் போடுவது என் வேலை.
ஒற்றை டாலர் மிஞ்சினால் ரீபாவுக்கு சோடா.

டிரம்ஸ் வாசிப்பவளுக்கு முதுகுகள்தான் தெரியும்.
அப்பாவின் கோட்டில் வியர்வை
தோளிலிருந்து இறங்கும் வரைபடம்.
அம்மாவின் கவுன் ஜிப்
கை எட்டாத இடத்தில், பாதியில் நிற்கிறது
மூன்று வருடமாக.
ஆனாலும்
அவர் தாழ்குரலில் தரை விரிக்க
இவள் வந்து அதன்மேல் நிற்பாள்.
‘அக்கரை’ என்ற சொல்லுக்கு முன்னால்
இருவர் விலாவும் ஒன்றாக விரியும்.
வக்கீல் கடிதம் வந்த வாரத்திலும்
அங்கேதான் மூச்சு விட்டார்கள்.

ஸ்டோனி ஓடை பாப்திஸ்து சபையில் அன்றைக்கு இடி.
இரண்டாம் சரணத்தில் மின்சாரம் போனது.
மைக் செத்தது, டோய்லின் பியானோ செத்தது,
போதகர் டார்ச் தேடி எதிலோ இடித்துக்கொண்டு
‘ஆமென்’ என்றார்.
நான் குச்சிகளை மடியில் வைத்தேன்.
இருட்டில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்க
நெருங்கி நிற்க வேண்டியிருந்தது.
பலகைத் தரை இரண்டு முறை கிறீச்சிட்டது.
யாருடைய காலடி என்று
நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.
கூரையில் மழை. அதற்குக் கீழே
நாலு குரல், கம்பி எதுவும் இல்லாமல்.
பெஞ்சுகளில் ஒரு குழந்தைகூட இருமவில்லை.

கடைசிச் சரணத்தில் வெளிச்சம் வந்தது.
இருட்டு முழுக்கச் செத்த கட்டைகளை
அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான் டோய்ல்;
பியானோ திடுக்கென்று உயிர்த்துக் கத்தியது
எங்களுக்கு அரைச் சுருதி மேலே.
முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார்.
அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறோம்.
யாருக்கும் தெரியவில்லை,
யாரும் தனியாக இறங்கவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று டாலர்.
எழுபத்தொன்று, எழுபத்தொன்று.

வெளியே அம்மா காரின் கண்ணாடியை இறக்கினாள்.
“மூணாவது சரணத்துல சுருதி விட்டுட்டே, ஆர்லிஸ்.”
மேடைக்கு வெளியே
அவள் அவரிடம் பேசி எத்தனை நாள் என்று
நான் எண்ணி வைத்திருந்தேன். அப்போது மறந்துபோனது.
அப்பா தொப்பியிலிருந்து தண்ணீரை உதறினார்.
“உன் பின்னாலதானே வந்தேன், நீவா.”

ஜிப் இன்னும் பாதியில்தான்.
இரண்டு வண்டியும் உறுமிக்கொண்டிருக்க
சோடா பாட்டிலோடு
எதில் ஏறுவதென்று தெரியாமல்
ரீபா மழையில் நின்றிருந்தாள்.