ஐந்நூறு டாலர்

பேரம் பேசியது நான்தான்.
ரோஸ்டவுனுக்கு மேற்கே, கார்னி ஹீபர்ட்டின் முற்றத்தில்,
மார்ச் மாதச் சேற்றில் நின்றுகொண்டு.
தொண்ணூற்றைந்தாம் வருடத்து டாட்ஜ்.
ஆறு சிலிண்டர் கம்மின்ஸ், பன்னிரண்டு வால்வு.
சக்கரத்துக்கு மேலே சாலை உப்பு தின்ற தகரத்தில்
என் முஷ்டி நுழையும் ஓட்டை.

துருவைக் காட்டி விலை குறைக்கவில்லை.
குச்சியைச் சொல்லிக் குறைத்தேன்.

அந்த எஞ்சின் வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரியும்:
முன்பக்கம், பல்சக்கரப் பெட்டிக்குள்
சுண்டுவிரல் கணுவளவு எஃகுக் குச்சி ஒன்று.
தொழிற்சாலையில் அடித்து இறக்கியதோடு அதன் வேலை முடிந்தது.
அப்புறம் அது சும்மா இருந்தால் போதும்.
சும்மா இருக்காது.
ஒவ்வோர் அதிர்வுக்கும் மயிரிழை மயிரிழையாய் வெளியே வரும்.
ஒருநாள் உதிர்ந்து பற்களுக்கிடையே விழும்.
யானைக் காதில் எறும்பு.
அரை டன் இரும்பு நின்ற இடத்தில் செத்துப்போகும்.

"அந்தக் குச்சிக்கு ஏதாவது செய்திருக்கிறீர்களா?"
கார்னி தன் பூட்ஸைப் பார்த்தார்.
வாசலில் ஒரு கார் அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது,
பின் இருக்கையில் பெட்டி, தலையணை.
"வண்டி நல்ல வண்டி," என்றார்.
ஐந்நூறு குறைக்கச் சொன்னேன். குறைத்தார்.
கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு
ஹீட்டரை முழுதாய்த் திருப்பி வீடு வந்தேன்.

ஒன்பது குளிர்காலம்.
மைனஸ் முப்பத்தெட்டில் இரவெல்லாம் வயர் மாட்டி
எஞ்சினை வெதுவெதுப்பாய் வைத்திருந்தேன்.
டீசல் மெழுகாய் இறுகிய காலைகளில்
விரல் மரக்க மரக்க ஃபில்டர் மாற்றினேன்.
கன்றுகளை ஏலத்துக்கு இழுத்தது.
ஒருமுறை என்னையே மருத்துவமனைக்கு இழுத்தது:
வலது மணிக்கட்டு உடைந்திருந்தது,
ஸ்டியரிங்கை முழங்காலால் பிடித்து
இடது கையைக் குறுக்கே நீட்டி கியர் போட்டேன்.
ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும்
வயிற்றில் அதே புளி.

"விற்றுத் தொலை, வெர்னா" என்பான் பக்கத்து நிலத்து டேரல்.
அவனுடைய புது வண்டி, ஏதோ சென்சார் கோபித்துக்கொண்டதால்,
மணிக்கு நாற்பதைத் தாண்டாமல் ஊர்ந்து வீடு சேர்ந்த வாரத்தில் மட்டும்
அதைச் சொல்லவில்லை.

இந்த நவம்பரில் முன் சீல் ஒழுகியது.
இனித் திறக்காமல் முடியாது.
விசிறி, பெல்ட், டேம்பர்,
பன்னிரண்டோ பதின்மூன்றோ போல்ட்டுகள், அதில் ஒன்று வர மறுத்தது.
மூடியை நெம்பினேன்.
டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

குச்சி வெளியே வரவில்லை.
வரவும் முடியாது.
அதன் வாயை மூடிக்கொண்டு ஒரு தகட்டு நாக்கு,
பக்கத்து போல்ட்டுக்கடியில் இறுக்கி,
மூலைகளை அரத்தால் மழுக்கி.
பெட்டிச் சுவரில் ஆணியால் கீறிய கா.ஹீ.,
நான் வாங்குவதற்கு ஆறு வருடம் முந்திய தேதி.

கான்கிரீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம்.
ஒரே வாக்கியம், ஐந்நூறு டாலர் பெறும் வாக்கியம்.
திறந்து பார்க்காமல் நான் நம்பியிருக்க மாட்டேன்,
அது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.
திறந்து காட்ட ஒரு நாள் பிடிக்கும்.
அன்று அவரிடம் அந்த ஒரு நாள் இல்லை.
உறுமிய காரை நானும் பார்த்தேன்.
பார்த்ததை விலையில் கழித்துக்கொண்டேன்.

விற்பனைச் சீட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தேன்.
சாஸ்கடூனில் யாரோ ஒரு பையன்.
அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றான்,
மரியாதையாகத்தான்.

டார்க் ரெஞ்சை வைத்து அந்த போல்ட்டைச் சோதித்தேன்.
அசையவில்லை.
புது சீல், புதுப் பசை, மூடி.
சாவியைத் திருப்பினேன்.
வயிறு பழக்கதோஷத்தில் ஒருமுறை புளித்தது.

காலையில் கீழே விரித்த அட்டையில்
புதிதாய் ஒரு பொட்டு எண்ணெய்.
இது வேறெங்கிருந்தோ.