பொறுதி

மூன்று தரம் அழித்து மூன்று தரம் நிறுவியாயிற்று.
செருகி எழும்புகிறது, சக்கரம் சுற்றுகிறது,
தொண்ணூற்றொரு சதவீதத்தில் நிற்கிறது.
பிறகு சிவப்பில் ஒரு வரி:
பாதை கிடைக்கவில்லை.

முதல் நாள் பிழை வேறு.
ஆள்கூறுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல்
நகரம் முழுவதும் தெற்கே வழுகி
பாசையூர்ச் சந்தை கடலுக்குள் கிடந்தது.
நில அளவைக்காரரின் பழைய எறியம், செய்மதியின் புதிய எறியம்,
இரண்டையும் ஒரு மேசையில் இருத்திப் பேசவைப்பதற்குள்
மத்தியானச் சோறு ஆறிப்போனது.

இரண்டாம் நாள்
ஒழுங்கை என்றொரு சொல் அதற்குத் தெரியாது என்று கண்டுபிடித்தேன்.
வீதி, நடைபாதை, படிக்கட்டு, மற்றவை.
நகரத்தின் பாதியை மற்றவைக்குள் போட்டேன்.
எழுத்துரு உடைந்து
கொய்யாத்தோட்டம் எட்டுச் சதுரமாக நின்றது.

இன்று வெள்ளி. திங்கள் காலை
அறிக்கை கொழும்புக்குப் போகவேணும்.
குருநகர் முழுக்கச் சிவப்பு.
நடைப் புள்ளி: பூச்சியம்.
பதினைந்து நிமிடத்துக்குள் பள்ளிக்கூடம் இல்லை,
மருந்துக்கடை இல்லை, பஸ் தரிப்பு இல்லை,
அங்கிருந்து ஒருவரும் எங்கேயும் போய்ச்சேர முடியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு றொசில்டா வருகிறாள்.
கையில் வீடுவீடாய் நிரப்பிய படிவக் கட்டு,
செருப்பில் ஈரமணல்.
குருநகரிலிருந்துதான்.
எவ்வளவு நேரம் எடுத்தது?
"பன்ரெண்டு நிமிசம். இடையிலை ஒரு கோல் வந்தது,
நிண்டு கதைச்சனான்."

திரையைக் காட்டினேன். சிரிக்கவில்லை.
குனிந்து நகத்தால் ஓரிடத்தைத் தொட்டாள்.
"இதிலை பொட்டிருக்கு."

பெருப்பித்தேன். இன்னும் பெருப்பித்தேன்.
ஓர் ஒழுங்கை முடிகிறது, மற்றது தொடங்குகிறது,
நடுவில் வெள்ளை. ஒரு மீற்றர் அறுபது.
கீறியவன் செய்மதிப் படத்தில் மதிலைக் கண்டு
கையை எடுத்திருக்கிறான்.
கீறியவன் நான்தான், போன மார்கழியில்.
மதில் ஓரிடத்தில் இடிந்து
ஓர் ஆள் சரிந்து போகலாம் என்பது
வானத்திலிருந்து தெரியாது.

அமைப்புக்குள் ஒரு சின்னப் பெட்டி: பொறுதி.
கோட்டு முனைகள் எவ்வளவு விலகியிருந்தாலும்
தொட்டதாய் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு.
பூச்சியம் என்றிருந்தது.
இரண்டு போட்டேன்.
குருநகர் மஞ்சளாகி, மெல்லப் பச்சையானது.
"அட" என்றாள்.

ஆசை யாரை விட்டது? ஐந்து போட்டேன்.
முழு நகரமும் பச்சை.
வாய்க்காலுக்கு மேலால் நடந்தது,
கன்னியர் மடத்துக் குசினிக்குள்ளால் நடந்தது,
முட்கம்பிக்கு அங்காலும் போய்க் காவலரணைக் கடந்து
ஒருத்தரும் மறிக்காமல்
கடற்கரைக்கு இறங்கியது ஒரு மெல்லிய கோடு.
நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மின்விசிறி சுற்றியது.

பிறகு திரும்பவும் இரண்டு.

பண்புப் பட்டியலில் புதிய வகை திறந்தேன்: பொட்டு.
அவள் சொல்லச்சொல்ல அடித்தேன்.
அகலம் அரை மீற்றர். தரை மண்ணும் உடைந்த சீமெந்தும்.
இரவில் வெளிச்சம் இல்லை.
"சக்கர நாற்காலி போகுமோ எண்டும் ஒரு நிரல் போடுங்கோ."
போகுமா?
"போகாது. அதுக்குத்தான் போடச் சொன்னனான்.
மாமி சுத்தித்தான் வாறவ, அரை மணித்தியாலம்."

சொந்தக்காரர் என்ற இடத்தில் கை நின்றது.
றொசில்டாவும் நின்றாள்.
"அதை வெறுமையா விடுங்கோ" என்றாள்.
"பேரையும் எடுங்கோ.
பொட்டு எண்டு எழுத்திலை கண்டா
வந்து அடைச்சுப்போடுவினம்."

பொட்டை அழித்தேன்.
மற்றவை என்று போட்டேன்.
மாமியின் நிரலை மட்டும் விட்டேன்.

சக்கரம் சுற்றத் தொடங்கியது.
தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.
இருவரும் மூச்சுவிடாமல்.
தொண்ணூற்றிரண்டு.