சத்தமில்லாத சத்தம்

படம் நேற்றுத்தான் குறுந்தட்டாக வந்தது.
அட்டையில் ரோஜா நிறக் கோட்டு போட்ட நிஞ்ஜா,
ஒரு கையில் வாள்,
மறு கையில் சோறு வேகும் குக்கர்.
மூவாயிரத்து எண்ணூறு யென்.
வேலை செய்தவர்களுக்கு இலவசப் பிரதி கிடையாதாம்.

கவாசாகியில் ரயில் பாலத்தை ஒட்டி
மூன்றாம் மாடி என் வீடு.
எட்டு நிமிடத்துக்கொரு வண்டி
பாத்திர அலமாரியை உலுக்கிவிட்டுப் போகும்.
இங்கே குடியிருந்துகொண்டுதான்
நிசப்தம் விற்றுப் பிழைக்கிறேன்.

சிரிக்காதீர்கள்.
நிஞ்ஜா நடந்தால் சத்தம் வராது, சரி.
ஆனால் சத்தமே வராவிட்டால்
பெட்டி கெட்டுவிட்டதென்று
ரிமோட்டைத் தொடையில் தட்டுவீர்கள்.
ஆகவே சத்தம் வராத சத்தம் ஒன்று தேவை,
அதைச் செய்ய ஓர் ஆளும்.
இசுருகி மினாயோ, வயது ஐம்பத்திரண்டு,
இடது முழங்காலில் வலி.
பெயர்ப் பட்டியலில் சாப்பாட்டு வண்டிக்கு அடுத்து வருவேன்,
கண் சிமிட்டினால் போய்விடுவேன்.

ஓட்டுக் கூரைமேல் நாற்பத்தொரு பேர்
அரவமில்லாமல் ஊர்கிறார்களே,
அது தோல் பையில் சோளமாவு.
நாற்பத்தொரு தடவை பிசைந்தேன்.
கடைசி ஆளுக்கு மட்டும் செருப்பு வார் தளர்ந்திருக்கும்,
அவன் வாடகை பாக்கி வைத்தவன்,
அவனுக்கு ஒரு சின்னச் சளக்.
தியேட்டரில் ஜனம் சிரித்தது அந்தச் சளக்குக்குத்தான்,
நடிகர் தன் முகத்துக்கென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

முறிந்த கழுத்தெல்லாம் வெங்காயத்தாள்.
குத்து விழும் வயிறெல்லாம்
ஈரத்துண்டு சுற்றிய முட்டைக்கோஸ்.
வேலை முடிந்து அதையே சூப் வைத்தேன்.
வில்லன் கோஷ்டி முழுவதையும்
மூன்று நாள் தின்றேன், உப்பு கொஞ்சம் கம்மி.

உத்தரத்தில் ஒளிந்திருப்பவளின் வேர்வை
கதாநாயகனின் நூடுல்ஸில் சொட்டும் இடம்.
அந்தச் சொட்டுக்கு இரண்டு நாள்.
தண்ணீர் சரிப்படவில்லை, எண்ணெய் சரிப்படவில்லை,
ஆறிப்போன தேநீர்தான் விழத் தெரிந்து விழுந்தது.

படம் முடிந்ததும்
இயக்குநர் பேசும் தடத்தைப் போட்டேன்.
அவர் குரலுக்குப் பின்னால் பனிக்கட்டி உரசுகிறது,
குடிப்பது பிளம் மது, தடித்த கண்ணாடி.
கோட்டு விரிய நிஞ்ஜா
விற்பனை இயந்திரத்தைத் தாண்டிப் பறக்கும்போது சொல்கிறார்:
"இங்கே ஒன்றுமே போடவில்லை. சும்மா விட்டுவிட்டோம்."

நிறுத்தினேன்.
அவன் அந்தரத்தில் நின்றான்.

ஒன்றுமே இல்லை என்ற அந்த இடத்தில்
பதினோரு தடங்கள் இருக்கின்றன.
இயந்திரத்தின் முனகல், எங்கோ ஒரு நாய்,
பட்டுக்கை பட்டுக்கையை உரசுவது,
எல்லாவற்றுக்கும் அடியில்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என் மூச்சு.
ஒலியைக் கூட்டிப் பின்னோக்கி ஓட்டினேன்.
இன்னும் கூட்டினேன்.
நாலாவது முறை
அந்த ஒன்றுமில்லாமை வீட்டையே நிரப்பியது.
கீழிருந்து துடைப்பக் கட்டையால்
என் தரையை இடித்தார்கள்.

பிறகு அழைப்புமணி.
திறந்தால் கீழ்வீட்டு குராட்சுஜி,
சாக்ஸோடு, வேர்த்துப்போய், கோபமாக.
குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்,
வாரத்தில் ஒரே ராத்திரிதான் தூக்கம்,
அதுவும் போயிற்று என்றார்.
மன்னிப்புக் கேட்டுக் குனிந்தவள்
பாதி குனிவிலேயே நின்றுவிட்டேன்.

இந்தக் கட்டடத்தின் படிகள் இரும்பு.
பூனை ஏறினாலும் எனக்குத் தெரியும்.
எந்தப் பூனை என்றும் தெரியும்.
இவர் இருபத்திரண்டு படி ஏறி வந்திருக்கிறார்,
எனக்குக் கேட்கவில்லை.

"எப்படி வந்தீர்கள்?"
"படியில்தான்."
"இன்னொரு தடவை வருவீர்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.
எனக்குப் பின்னால் அந்தரத்தில் தொங்கும்
ரோஜா நிறக் கோட்டைப் பார்த்தார்.
என்ன நினைத்தாரோ,
தலையைச் சொறிந்துகொண்டு கீழே போனார்.

மைக்கை வாசலில் வைத்து
ஹெட்போனை மாட்டி, விளக்கை அணைத்தேன்.
முதல் படி.
குதிகால் படவேயில்லை,
விரல்கள் இரும்பிடம் அனுமதி கேட்கின்றன.
இரண்டு. மூன்று.
ஏழாவது படியில்
ரயில் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

"நில்லுங்கள்," என்று இருட்டைப் பார்த்துக் கத்தினேன்,
"முதலிலிருந்து.
அடுத்த வண்டிக்கு எட்டு நிமிடம் இருக்கிறது."