கொம்பு வைத்த தொப்பி

தலைநகர அருங்காட்சியகத்தின் நிலவறையில்
என் கைகளுக்கு இரட்டை உறை, ஒன்றின்மேல் ஒன்று.
தொப்பியை நான் கெடுத்துவிடக் கூடாது போலும்
என்று நினைத்தேன்.
இல்லையாம். தொப்பிதான் என்னைக் கெடுக்கும்.
பூச்சி அரிக்காதிருக்க
முன்னொரு காலத்து அதிகாரி எவரோ
பாஷாணம் தூவி வைத்திருக்கிறார்.
இனி எந்தத் தலையும் அணிய முடியாது.
காப்பாற்றிய விதம் அப்படி.

அட்டையில் இருந்தது:
பெண்ணின் தலையணி. சாமி இனம். தெயத்னு ஆற்றங்கரை.
செய்தவர் தெரியவில்லை.
வாங்கியவர் பெயர் மட்டும்
பட்டம் பதவியோடு முழுசாக.

சிவப்புக் கம்பளி, மங்கிய பட்டு நாடா,
உச்சிக்குப் பின்னிருந்து கிளம்பி
முன்னோக்கி வளையும் கொம்பு.
அங்குலம் அங்குலமாக அளந்தேன்.
நெற்றி படுகிற மடிப்பில்
ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறை.
வேர்வைதான்.
இந்தக் குளிரிலும் வேர்க்க வேர்க்க
எதையோ தூக்கியிருக்கிறாள், எவனையோ துரத்தியிருக்கிறாள்,
அல்லது ஆடியிருக்கிறாள்.
அவள் தலைக்கும் என் தலைக்கும்
அரை விரல்தான் வித்தியாசம்.

பாதிரி படகில் வந்தாராம்.
கொம்புக்குள் சாத்தான் குடியிருக்கிறான் என்றாராம்.
அதுவரை கதை ஒன்று. அதற்குப் பிறகு
ஆளுக்கொன்று.
ஊரே அடுப்பில் போட்டது,
இவள் ஒரு மூட்டை மாவுக்கு விற்றாள் என்பாள் ரிஸ்டின்.
மாவா, பிள்ளைக்கு மருந்து என்பாள் மார்கு.
மார்கு மருந்துக்காகக் காத்திருந்த குளிர்காலத்தை
நாங்கள் அறிவோம்.
பிர்ரெத் சொல்வது வேறு:
தீயிலிருந்து தப்ப அதற்கு அகப்பட்ட ஒரே பெட்டி
எதிரியின் பெட்டி.
தெரிந்தேதான் திருட விட்டாள்.

எது உண்மை என்று நான் கேட்டதில்லை.

கதிரவன் தலைகாட்டாத மாதம்.
ஊர் மன்றத்தில் ஆறு பேர், ஆறு ஊசிகள்.
பூர்ச்ச மரத்தில் கொம்பு செதுக்கினாள் கத்யா.
சாத்தானைத் தேடித் துளைக்குள் எட்டிப் பார்த்து
வெறும் மரத்தூள் என்று தும்மினாள்.
இப்போதைய பாதிரியின் மனைவி சுன்னீவா
அழைக்காமலே வந்து
மூலையில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
இரண்டாம் வாரம்
அவள் தலையையும் அளந்தோம்.

தைக்குமுன் முதல் வாய்க் காப்பி
அடுப்புக்குக் கீழே இருப்பவளுக்கு, சாராக்காவுக்கு.
அது முறை.
மன்றத்தில் அடுப்பு ஏது?
சுவரில் ஒரு மின்சூடேற்றி, அதுவும் அரை உயிரோடு.
பிர்ரெத் குவளையோடு ஒரு சுற்று சுற்றினாள்.
பிறகு கதவைத் திறந்து
வாசற்படியில் ஊற்றினாள்.
அங்கே இருப்பது தங்கை, உக்சாக்கா,
போகிற வருகிற கால்களை எண்ணுகிறவள்.
பனி சீறியது. பழுப்பாய் ஒரு குழி.
“அக்காளுக்கும் கொஞ்சம் கொடு” என்று
கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சூரியன் திரும்பிய ஞாயிறு
எல்லாரும் அணிந்துகொண்டோம்.
காரில் ஏற முடியவில்லை, கூரை இடித்தது.
நடந்தோம், உறைந்த ஆற்றின்மேல்.
கழுத்து தானாக நிமிர்ந்தது.
இந்தக் கனத்தோடு குனிந்து நடந்தால்
கொம்பு முன்னே இழுக்கும், ஆள் கவிழ்வாள்.
அன்றைக்குப் பாதிரிக்கு எது பிடிக்காமல் போனதென்று
ஆற்றின் நடுவில் எனக்குப் புரிந்தது.

தேவாலயத்தின் வாசல் குட்டை.
தலையைத் தாழ்த்தினால் கொம்பு தட்டும்.
முழங்காலை மடக்கி,
முகம் நேரே வைத்து,
வாத்துகள் போல ஏழு பேரும் நுழைந்தோம்.
சுன்னீவாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.
கடைசியில் வந்த பிர்ரெத்
படி தாண்டுமுன் நின்று, கண்ணை மட்டும் தாழ்த்தி,
“எண்ணிக்கோ தாயி,
எட்டு” என்றாள்.