பதினான்காவது வளைவு

ஆரஞ்சு நிறச் சதுரம்.
உள்ளே ஒரு புள்ளி, இரண்டு வளைவு.
இதுதான் செய்தியோடைக்கு அடையாளம் என்றான்
பழைய பஸ் ஸ்டாண்டு செல் கடை தமீம்.
இரண்டுதானா என்றேன்.
என் சாலையில் இருபது.

எங்கள் பக்கம் டவர் கிடையாது.
மிளகு மூட்டையோடு விடியலில் கிளம்பினால்
பதினான்காவது வளைவில்தான்
போனுக்கு உயிர் வரும்.
குரங்குகளுக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு
வேனை ஓரங்கட்டுவேன்.
நாலு நாள் சேதி
ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்,
தேதி பிசகாமல்.

மேட்டூர் நீர்மட்டம்.
வாழப்பாடியில் மின்தடை, ஒன்பது முதல் ஐந்து.
செவ்வாய்ப்பேட்டை மிளகு விலை,
நேற்றைக்கு இரண்டு ரூபாய் குறைவு.
ஆசிரியர் தேர்வு முடிவு இன்னும் இல்லை
(அது மகளுக்காகச் சேர்த்தது).

இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம் என்று
எதுவும் தோளில் கை போடவில்லை.
கேட்டது வந்தது.
கேட்காதது வரவில்லை.
இந்த நாணயத்தை நான்
மண்டியில்கூடப் பார்த்ததில்லை.

போன ஐப்பசி அடைமழையில்
பதினேழாவது வளைவில் பாறை.
எருமை படுத்திருக்கிற மாதிரி, நடுரோட்டில்.
மூட்டை தூக்க வந்த குப்பாயி,
பஸ் கண்டக்டர் சவரிமுத்து,
தேனிலவுக்கு வந்த ஈரோட்டு மாப்பிள்ளை
வெள்ளைச் சட்டையோடு,
நான், ஒரு கடப்பாரை, இரண்டு ஜாக்கி.
இரண்டரை மணி நேரம்.
அது உருண்டு பள்ளத்தில் விழுந்த சத்தம்
வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

பதினான்கில் போன் துடித்தது.
"பாறைச் சரிவு. சாலை மூடப்பட்டது.
குப்பனூர் வழியைப் பயன்படுத்தவும்."
உரக்கப் படித்தேன்.
குப்பாயி சிரித்த சிரிப்பில்
குரங்குகூட நகர்ந்து உட்கார்ந்தது.

இரண்டாவது வளைவு தாண்டும்போது
இன்னொன்று.
"துறைப் பணியாளர்களால் பாறை அகற்றப்பட்டது.
போக்குவரத்து சீரானது."

அதை உரக்கப் படிக்கவில்லை.
பக்கத்து சீட்டில் அவள்
உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள்,
தோல் உரிந்த இடத்தை.

அடிவாரத்தில் டீ சொன்னோம்.
சவரிமுத்து காசு கொடுத்தார்.

ஓடையை நான் நீக்கவில்லை.
மின்தடையைச் சரியாகத்தான் சொல்கிறது,
மிளகையும்.
அந்த ஒரு வரியை மட்டும்
படிக்காததாகவே வைத்திருக்கிறேன், கெட்டி எழுத்தில்.
எல்லாம் படித்து முடித்த நாளிலும்
ஓரத்தில் ஒரு
1
நிற்கிறது.