இடப்பக்கக் கம்பி

தூர்க்கு நகரில் நவம்பரில்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ஆற்றங்கரைக் கட்டடம், நான்காம் மாடி.
லிஃப்டில் என்னோடு கருவிப்பெட்டியும்
நனைந்த கோட்டின் கம்பளி வாசமும்.

"பாட்டு முதுகுக்குப் பின்னால் கேட்கிறது"
என்று போனில் சொல்லியிருந்தார் இல்மோ வுவோரெலா.
எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன்:
இரைகிறது, சுடுகிறது,
மகன் வந்தபோது எதையோ அழுத்திவிட்டுப் போனான்.
இது புதிது.

ஏழு பெட்டிகள். நல்ல ரிசீவர்.
காபி கொடுத்தார். எனக்குச் சர்க்கரை வேண்டாமென்று
அவரே முடிவு செய்துகொண்டார்.
ஒரு கேசட்டைப் போட்டார்.
தேவாலயம், 1987, இரண்டு மைக்,
தனிக்குரல் ஔனே ரந்தலா.
ஆர்கன் முன்னால் வந்தது.
பெண்ணின் குரலோ
சோபாவுக்குப் பின்னால், புத்தக அலமாரியோரம்,
கடன் கேட்க வந்தவள்போல் ஒதுங்கி நின்று பாடியது.

ரிசீவருக்குப் பாட்டுத் தெரியாது.
அதற்கு வருவது இரண்டே தடம், இடது, வலது.
ஏழு வாய்க்கு அதைப் பங்கிட வேண்டும்.
அதற்கொரு கணக்கு:
இரண்டும் ஒத்துச் சொன்னால் நடுப்பெட்டிக்கு.
ஒன்று ஆம், ஒன்று இல்லை என்றால் பின்வரிசைக்கு.
இருமல், நாற்காலிக் கால் உரசுவது,
கல்சுவரில் மோதித் திரும்பி வந்தது,
யாரோடும் சேராததெல்லாம் பெரும்பாலும்
பின்னால் போய் உட்காரும்.
நல்ல கணக்குதான். அநேகமாய்ப் பலிக்கும்.

நடுவில் நின்று பாடியவள்
ஏன் அங்கே போனாள்?

இரண்டு தடத்தையும் ஒன்றாய்க் கூட்டி மோனோவில் வைத்தேன்.
ஆர்கன் இருந்தது.
ஔனே இல்லை.
இடதில் அலை மேடேறும்போது
வலதில் அதே அலை பள்ளம் இறங்குகிறது.
கூட்டினால் பூஜ்யம்.

"மைக் கேபிளைப் பற்றவைத்தது யார்?"
"ஏன்?"
"ஒன்றில் இரண்டு கம்பி இடம் மாறியிருக்கிறது."
"நான்தான்" என்றார்.

கீழே ஒரு பேருந்து சேற்றுப்பனியைக் கிழித்துக்கொண்டு போயிற்று.
பிறகு, நான் கேட்காமலே:
"உன் குரலுக்கு உடம்பில்லை,
இசைத்தட்டுக்குத் தாங்காது என்று அவளிடம் சொன்னேன்.
ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.
ரௌமாவுக்குப் போய்
பல் மருத்துவர் ஒருவரிடம் கணக்கெழுதினாள்.
முப்பத்தாறு வருடம் ரெண்டு பெட்டியில் இதைக் கேட்டேன்.
எங்கிருந்து வருகிறாள் என்றே தெரியாது.
தேவாலயம் பெரிது, அதனால் என்று நினைத்தேன்."

இதைத் திருப்பிப் போட
அந்த ரிசீவரில் பொத்தான் கிடையாது.
வெறும் ஸ்டீரியோவுக்கு மாற்றினேன்.
ஐந்து பெட்டிகள் வாயை மூடிக்கொண்டன.
பின்பக்கம் குனிந்து, இடது ஸ்பீக்கரின்
சிவப்பைக் கறுப்பிலும்
கறுப்பைச் சிவப்பிலும் செருகினேன்.
அவ்வளவே. ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டியிருக்கவில்லை.

ஔனே வந்தாள்.
சரியாய் நடுவில், டிவிக்கு முன்னால்,
மூச்சிழுப்பது தெரிய,
ஓர் ஆள் உயரத்துக்கு.

அவர் எழுந்து போனார். மண்டியிட்டு
நடுப்பெட்டியில் காதை வைத்தார்.
அது ஊமையாய் இருந்தது.
நிமிர்ந்தார். அவள் இருந்தாள்.
மறுபடி குனிந்தார்.
"இங்கே எதுவுமில்லையே."
"இல்லைதான்" என்றேன்.
"ரெண்டு பக்கமும் ஒத்துப்போனால் அங்கே கேட்கும்."

மற்ற கேசட்டெல்லாம் இனிப் பிசகாய்க் கேட்கும்,
பழையபடி மாற்றிவிடவா என்றதற்கு
வேண்டாமென்று கையசைத்தார்.
ரசீதில் எழுதினேன்:
இடது ஸ்பீக்கர், வயர் தலைகீழ், வாடிக்கையாளர் விருப்பம்.

வாசலில் ஷூவை மாட்டும்போது
அதே பாட்டு முதலிலிருந்து தொடங்கியது.
அதன் ஊடே
போனில் எண் அழுத்தும் சத்தம்.
ஆறு எண்கள் எண்ணினேன்.
ஏழாவதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.