பத்தாவது கையெழுத்து

வத்சலா பொன்னையன் வந்தபோது
வாழைக்குலைச் சந்தையில் ஏலம் முடிந்திருந்தது.
கறை படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு
போய் நின்றேன்.
தேசியத் தலைவர் பதவிக்கு நிற்கிறாராம்.
பத்துப் பேர் முன்மொழிய வேண்டும்,
ஒன்பது பேர் போட்டாயிற்று.
அதில் ஒருவர் தன் பெயரை அடித்துத் தரச் சொல்லிக்
காலையிலிருந்து கெஞ்சுகிறார் என்பதையும்
அவர் மறைக்கவில்லை.

கணக்குப் பேனாவால் எழுதினேன்:
தா. செல்வின் ஞானதாஸ்,
ஒன்றியச் செயலாளர், மேல்புறம்.
வாழைக்கறை காகிதத்தில் ஒட்டிக்கொண்டது.
செல்லுமா என்றேன்.
"போகாத கறை. நல்லதுதான்" என்றார்.

சாயந்திரம் களியக்காவிளையில் கூட்டம்.
கூட்டம் என்றால்
பாறசாலை பஸ்ஸுக்கு நின்றவர்கள்,
மீன்கூடையோடு இரண்டு பெண்கள்,
அந்தப் பக்கத்து லாட்டரிச் சீட்டை
இந்தப் பக்கம் மடியில் ஒளித்து விற்கிற சுகுமாரன்,
என்னையும் சேர்த்துக் கட்சிக்காரர்கள் ஆறு பேர்.
பாதிப் பேருக்கு மலையாளம்தான் ஓடும்.
நான் பெயர்த்துச் சொன்னேன்.

சொந்த வீட்டுக்குள் ஓட்டை எண்ணாத கட்சி
ஊர் ஓட்டை எப்படி மதிக்கும் என்றார்.
டெல்லியில் ஒரு மூடிய அறையில்
யாரோ எழுதுகிற பட்டியல்
நமக்குத் தலையெழுத்தா என்றார்.
வார்த்தை வார்த்தையாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.
கடைசியில் கையை உயர்த்தி
"நாடு மாறும்" என்றார்.

இதைப் பெயர்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.
இரண்டு மொழியிலும் அதே இரண்டு சொல்.

சுகுமாரன்தான் கேட்டான்:
"எங்ஙோட்டு மாறும், சாரே?"

பஸ் நிறுத்தமே சிரித்தது.
அவனுக்கு நாடு என்றால் பிறந்த ஊர்.
மாறு என்றால் விலகி நில்.
ஊர் எழுந்து ஓரமாய் ஒதுங்கிக்கொள்ளும் என்று
ஒலிபெருக்கி வைத்து அறிவித்திருக்கிறோம்.

அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டு
அவரும் சிரித்தார், மறுபடி மைக்கைப் பிடித்தார்:
"ஊர் எங்கேயும் போகாது.
ஒதுங்க வேண்டியது வேறே ஆள்."
மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுத்
தட்டினாள் ஒருத்தி.
எனக்குப் புல்லரித்தது.
அது பொய்யில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

பத்து நாள் கழித்து
நாகர்கோவிலிலிருந்து வெள்ளைக் காரில் ஒருவர் வந்தார்.
குலை எதையும் விலை கேட்கவில்லை.
என் மனைவியின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்.
"றோஸ்லெட் அக்காவைப் பேரூராட்சிக்கு நிறுத்தலாம்னு
மேலே ஒரு பேச்சு இருக்கு.
வத்சலாம்மா நல்லவங்க, யாரு இல்லேன்னா.
ஆனா தோக்கிறவங்க பக்கத்துல நின்னா..."
முடிக்காமல்
ஒரு மட்டிப்பழத்தை உரித்துத் தின்றார்.
தோலை என்னிடம் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

குமரி மாவட்டத்துக்கு நாலு வாக்கு, தனிப் பெட்டி.
துணித் திரைக்குப் பின்னால்
நூலில் கட்டிய பேனா, இரண்டு பெயர்.
வெகுநேரம் தயங்கி நின்றதாகச் சொல்ல ஆசை.
நிற்கவில்லை.
வெளியே வந்து டீ குடித்தேன்,
வடை சூடாக இருந்தது.

அவருக்கு ஆயிரத்து எண்பத்து மூன்று.
இவருக்கு அறுபத்தொன்று.
குமரிப் பெட்டியிலிருந்து மூன்று.

ராத்திரி போன் வந்தது.
"நாலு பேருக்கும் என் நன்றியைச் சொல்லுங்க, செல்வின்.
மனுவோட நகல் என்கிட்ட இருக்கு.
உங்க கறை அதிலயும் கறுப்பா விழுந்திருக்கு."
முப்பது வருஷம் கல்லூரியில் கணக்கு எடுத்தவர்.
நாலு என்றார்.
சரிம்மா என்றேன்.

பேரூராட்சிப் பட்டியல் இன்னும் வரவில்லை.

இன்று விடியலில் சந்தைக்குள்
நெய்யாற்றின்கரை லாரி ஒன்று பின்னால் வந்தது.
கிளீனர் பையன் பலகையைத் தட்டிக் கத்துகிறான்:
"மாறிக்கோ! மாறிக்கோ!"
தோளில் குலையோடு நின்றவன்
மாறிக்கொண்டேன்.